கோவிந்தா போடும்போது குறைக்கணும்

"செட்டை நிறுத்துங்க."

சொல்லிவிட்டேன். சாமியானாவுக்குக் கீழே, ஆம்ப்ளிபயர் வைத்திருந்த பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கோயில் தர்மகர்த்தா கோதண்டராமனின் முகத்தைப் பார்த்தே சொன்னேன். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். விரல் அப்படியே நின்றது.

"இன்னா சொன்ன?"

"கொஞ்ச நேரம் செட்டை நிறுத்துங்க. நைனா மேல ஏறி யூனிட்டை மாத்திட்டு இறங்கட்டும். அப்புறம் போட்டுக்கலாம்."

எந்த ஊருக்கு வேலைக்குப் போனாலும் நைனா எனக்குச் சொல்லிக் கூட்டிப்போகும் புத்தி ஒன்றுதான். தண்ணி கேளு, நிழல் கேளு, வயர் இழுக்க ஆள் கேளு. செட்டை நிறுத்தச் சொல்லி மட்டும் வாயைத் திறக்காத. அதுவும் இந்த ஊரில் கூடவே கூடாது. காப்புக் கட்டியதிலிருந்து தீ மிதித்து முடிக்கும்வரை, கதை நடக்கும்போது இங்கே சத்தம் நிற்கக் கூடாது. தினம் மத்தியானம் பிரசங்கியார் மைக் முன்னால் உட்கார்ந்து அம்மன் கதையைச் சொல்வார். அதை அம்மனும் உட்கார்ந்து கேட்கிறாள். பாதியில் அறுந்தால் ஊருக்கு ஆகாது. மைக் செட் வருவதற்கு முன்னால் அம்மன் எந்தக் குழாயில் கேட்டாள் என்று வீட்டில் ஒருமுறை கேட்டேன். நைனா சிரிக்கவில்லை.

கோதண்டராமன் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். எனக்குப் பின்னால் பார்த்து, "பீமா, உன் பொண்ணு இன்னாவோ கேக்குதே" என்றார்.

என் அப்பா பீமாராவுக்கு ஐம்பத்தாறு வயது. கோதண்டராமனைவிட மூத்தவர். துண்டை இடுப்பில் இறக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "சின்னப் பொண்ணுங்க அய்யா, தெரியாம கேட்டுடுச்சி. நான் ஏறிக்கிறேங்க."

"ஏறு. எங்கக்கா ரெண்டு தபா ஆள் அனுப்பிட்டா. அவ தெருவுக்குச் சத்தமே போவல. இன்னிக்கு அவளுக்குப் பாதி கதைதானா?"

அவருடைய அக்கா லட்சுமியம்மாள் தொடை எலும்பு முறிந்து படுத்திருக்கிறார். கோயிலுக்கு வர முடியாது. தெருக்கோடிக் கம்பத்தில் கட்டிய ஸ்பீக்கர் குழாயில்தான் அவர் கதை கேட்கிறார். அந்தக் குழாய்தான் செத்துக் கிடந்தது.

ஆம்ப்ளிபயருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த விமல்ராஜ் சிரித்தான். கோதண்டராமனின் மகன். "மேடம் பி.எஸ்சி பிசிக்ஸ்ப்பா. அதான் ரூல்ஸ் பேசுது."

அவனும் பி.எஸ்சி. பிசிக்ஸ்தான். செஞ்சி காலேஜில் ஒரே பெஞ்சு வரிசை. என் ரெக்கார்டு நோட்டை வாங்கிப் பார்த்து எழுதியவன். காலேஜில் "மங்கை, மங்கை" என்று பின்னாலேயே வருவான். இந்த ஊர் எல்லைக்குள் வந்தால் எனக்குப் பெயர் கிடையாது.

கோபம் வந்தது. ஆனால் அப்போது எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

குழாய் என்று நாங்கள் சொல்வது கம்பத்தில் கட்டும் கூம்பை. கூம்பு வெறும் தகரம். அதன் பின்பக்கம் முறுக்கி மாட்டியிருக்கும் யூனிட்தான் பேசுகிறது. உரித்த தேங்காய் அளவுக்கு ஓர் இரும்பு. உள்ளே காந்தம், மெல்லிய தகடு, தகட்டில் தலைமுடி மாதிரி கம்பி சுற்றிய ஒரு காயில். ஆம்ப்ளிபயரைத் தாங்காத அளவுக்குத் திருப்பினால் சத்தம் கிழியும். கிழிந்த சத்தம் காயிலைச் சுட்டு அறுத்துவிடும். செத்த யூனிட்டைக் கழற்றி நல்லதை மாட்டினால் குழாய் பழையபடி பேசும். திண்டிவனம் ரோட்டில் எங்கள் கடையில் பாதி வேலை இதுதான். வேலைப் பரீட்சைகளுக்கு எழுதிப் போட்டுக்கொண்டே நான் அங்கே காயில் மாற்றுகிறேன். கடையில் பயம் இல்லை. மேசைமேல் கிடக்கும் யூனிட் யாரையும் கொல்லாது.

கம்பத்தில் மாற்றுவது அப்படியல்ல. ஆம்ப்ளிபயரிலிருந்து குழாய்க்குப் போகும் வயரில் ஓடுவது பிரசங்கியாரின் பேச்சுதான். ஆனால் கரண்டாக ஓடுகிறது. அவர் மெதுவாகப் பேசினால் விரலைச் சுள்ளென்று கடிக்கும். கத்தினால் நூறு வோல்ட் வரைக்கும் எகிறும், ஆளை உதறிவிடும். தரையில் நிற்பவன் உதறிக்கொண்டு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போவான். தென்னை உயரக் கம்பத்தில் நிற்பவன் என்ன செய்வான்?

ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதைப் போட்டால் வயர் முறுக்க வராது என்று நைனா டவுசர் பாக்கெட்டில் செருகிக்கொண்டு ஏறுவார்.

செட்டை நிறுத்தக் கூடாது, யூனிட்டும் மாற்றவேண்டும். இதற்கு எங்கள் வீட்டில் ஒரு வழி வைத்திருந்தார்கள். கதையில் சில இடங்கள் வரும்போது கூட்டம் மொத்தமும் "கோவிந்தா! கோ...விந்தா!" என்று கத்தும். அந்தக் கத்தலில் குழாய்ச் சத்தம் இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. அப்போது ஆம்ப்ளிபயரில் இருப்பவர் சத்தத்தின் திருகைச் சுத்தமாகக் குறைத்துவிடுவார். வயர் செத்துவிடும். மேலே இருப்பவர் அந்த மூச்சுக்குள் வயரைக் கழற்றவோ மாட்டவோ செய்வார். கத்தல் அடங்குவதற்குள் கையை எடுத்துவிடுவார். அடுத்த கோவிந்தாவுக்கு அடுத்த வேலை. கோவிந்தா போடும்போது குறைக்கணும். வேறு பாடம் கிடையாது.

எங்கே கோவிந்தா வரும் என்று நைனாவுக்கும் என் அண்ணன் ஆதவனுக்கும் கதை மொத்தமும் தலைகீழ்ப் பாடம். போன வருடம் இதே ஊர், இதே கம்பம். ஆதவன் மேலே, நைனா கீழே. கதையில் கோவிந்தாவே வராத இடத்தில் திடீரென்று கூட்டம் கத்தியது. வானத்தில் கருடன். கோயிலுக்கு மேலே கருடன் வட்டமிட்டால் எழுந்து நின்று கோவிந்தா போடாமல் யார் இருப்பார்கள்? சாமியானாவுக்குக் கீழே இருந்த நைனா கருடனைப் பார்க்கவில்லை, அதனால் திருகைத் தொடவில்லை. மேலே இருந்த ஆதவன் கோவிந்தாவைக் கேட்டான், வயரில் கை வைத்தான். கூட்டம் கத்துவதை மைக் வாங்கி வயரில் தள்ளும்போதுதான் கரண்டு உச்சத்தில் இருக்கும். அவன் விழுந்தான்.

இடது தோள் இன்றைக்கும் காதுக்கு மேலே எழாது. கடையில் உட்கார்ந்து பில் போடுகிறான். கோவிந்தா என்று எங்கே கேட்டாலும், பஸ்ஸில் பாட்டாக வந்தாலும், எனக்கு உள்ளங்கை தானாக மூடிக்கொள்ளும்.

இந்த வருடம் திருகுகூட எங்கள் கையில் இல்லை. போன வருடம் ஆதவன் விழுந்ததில் லைன் அறுந்து சத்தம் நின்றுபோயிற்று. அதிலிருந்து கமிட்டிக்கு எங்கள்மேல் நம்பிக்கை போய்விட்டது. திருகு இனி ஊர் ஆள் கையில் என்று விமல்ராஜை ஆம்ப்ளிபயர் முன்னால் உட்காரவைத்துவிட்டார்கள். அவன் வந்ததிலிருந்து திருகைக் கடைசிவரை தள்ளி வைத்திருந்தான். சத்தம் கிழிகிறது, யூனிட் போயிடும் என்று காலையிலேயே சொன்னேன். "திருவிழாவுக்கு சவுண்டு வேணாமா?" என்றான். மத்தியானம் யூனிட் போய்விட்டது.

காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அம்மா எனக்கு ஒரு வேலைதான் கொடுத்தாள். "மங்கை, உங்க நைனாவைக் கீழயே வெச்சிக்கோ."

அதனால்தான் கேட்கக் கூடாததைக் கேட்டேன். கேட்டு ஒன்றும் ஆகவில்லை. நைனா புது யூனிட்டைப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"நானே ஏறுறேன் நைனா."

"நீ ஏறினா ஊரே வேடிக்கை பாக்கும். பேசாத இரு." பிறகு விமல்ராஜைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "தம்பி, கோவிந்தா போடும்போது மட்டும் கொஞ்சம் திருகைக் குறைச்சிடுங்க. யாருக்கும் தெரியாது. நான் பாத்துக்கிறேன்."

"ஓ, இதான் உங்க டெக்னிக்கா?" விமல்ராஜுக்கு ஒரு ரகசியம் கிடைத்த சந்தோஷம். அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். அவர் பிரசங்கியார் பக்கம் போய்விட்டிருந்தார். "சரி, போ. கோவிந்தா போடும்போது குறைக்கிறேன். நான் பாத்துக்கிறேன்."

அறுபதை நெருங்கும் ஆளை "போ" என்கிறான். நைனா தலையாட்டிவிட்டுப் போனார்.

சாமியானாவின் ஓரத்துக்கு வந்து நின்றேன். அங்கிருந்து கம்பமும் தெரியும், விமல்ராஜின் கையும் தெரியும். சவுக்குக் கம்பம். ஏறுவதற்குக் குறுக்கே கட்டைகள் இருந்தன. அதை ஒட்டியே ஊர்த் தண்ணீர்த் தொட்டி. அதற்கு இரும்பு ஏணி உண்டு, மேலே சுற்றிலும் கைப்பிடிக் கம்பி உண்டு. குழாயைத் தொட்டி மேலேயே கட்டலாம். தரையில் நிற்பதுபோல் நின்று யூனிட்டை மாற்றலாம். ஆனால் அது அவர்கள் குடிக்கிற தண்ணீர். நாங்கள் ஏறக் கூடாது. எந்தப் பலகையிலும் எழுதவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

நைனா ஏறினார். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு மூச்சு நின்றார். கம்பம் அவர் எடைக்கு லேசாக ஆடியது. அதற்குப் பின்னால் கல்லைக் கொட்டிவைத்ததுபோல் குன்று, குன்றுக்கு மேலே வானம். நான் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோயிலில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும், இன்றைக்கு அம்மன் சபையில் நின்று அழும் நாள், கருடன் வந்தால் ஊருக்கு நல்லது என்று ஆசையோடு அண்ணாந்து பார்த்தார்கள். வரக் கூடாது, வரக் கூடாது என்று நான் ஒருத்திதான் பார்த்திருப்பேன்.

நைனா உச்சிக்குப் போய் ஒரு காலைக் கட்டையில் மடக்கி, கம்பத்தைத் தொடையால் அணைத்துக்கொண்டார். பழைய யூனிட்டிலிருந்த டேப்பைப் பல்லால் கடித்துப் பிரித்தார். வயரைத் தொடவில்லை. காத்திருந்தார்.

பிரசங்கியார் குரலை ஏற்றினார். அம்மனை முடியைப் பிடித்து இழுத்து வருகிறார்கள். இழுத்து வந்து நடுச்சபையில் நிறுத்துகிறார்கள். பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். கதை எனக்கும் பாடம்தான். வருகிறது, வருகிறது, இதோ...

"கோவிந்தா!"

கூட்டம் கத்தியது. விமல்ராஜின் கை திருகைக் கீழே இறக்கியது. மேலே நைனாவின் கை வயருக்குப் போனது. ஒரு முறுக்கு, இரண்டு முறுக்கு. வயர் பிரிந்து தொங்கியது. அவர் கையை எடுத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"பாத்தியா?" என்றான் விமல்ராஜ், என்னைப் பார்த்துக் கண்ணடித்து. திருகை மறுபடி கடைசிவரை தள்ளினான். "இன்னாத்துக்கு இவ்ளோ டென்ஷன்?"

நைனா பழைய யூனிட்டை முறுக்கிக் கழற்றிப் பையில் போட்டார். புதியதை எடுத்து, கூம்பின் கழுத்தில் வைத்துத் திருகினார். இதற்குக் கரண்டு பயம் இல்லை, வெறும் உயரம்தான். பாதி வேலை முடிந்தது. இனி வயரை மாட்டவேண்டும். அதற்கு அடுத்த கோவிந்தா. சேலை வளர ஆரம்பிக்கும் இடத்தில் வரும். அதற்கு இன்னும் நேரம் இருந்தது. பிரசங்கியார் அவசரப்படுகிறவர் இல்லை. ஒரு வரிக்கு ஒரு கதை, ஒரு கதைக்கு ஒரு சோடா.

நைனா வயரின் நுனியைப் பிளாஸ்டிக் உறையோடு இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். செம்பு வெளியே தெரியும் நுனிக்கும் அவர் விரலுக்கும் நடுவே ஒரு நெல்மணி இடம் இருந்திருக்கும். வியர்வையை முழங்கையில் துடைத்தார். கால் மாற்றினார். அவருக்குக் கால் மரத்துப்போகும், எனக்குத் தெரியும். வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்தாலே சுவரைப் பிடிப்பார்.

அப்போதுதான் குன்றின் தலையில் ஒரு புள்ளி தெரிந்தது.

காக்கை என்று நினைக்கப் பார்த்தேன். காக்கை இறக்கையை அடிக்கும். அது அடிக்கவில்லை. இறக்கையை விரித்துவைத்து, சாய்ந்து, மெதுவாக வந்தது. வெயில் பட்டபோது முதுகு செம்மண் நிறத்தில் மின்னியது. கழுத்து வெள்ளை.

"அண்ணா," என்றேன் விமல்ராஜிடம். காலேஜில் அவனை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. "அண்ணா, திருகைக் குறைங்க."

"ஏன்? இன்னும் கோவிந்தா வரலியே?"

"கருடன் வருது. இப்பவே கத்துவாங்க. குறைங்க."

"எங்க, எங்க?" என்று அவன் எழுந்தே விட்டான். நாற்காலியைத் தள்ளிவிட்டுச் சாமியானாவுக்கு வெளியே தலையை நீட்டினான். பார்த்துவிட்டான். முகம் மலர்ந்தது. இரண்டு கையும் தலைக்கு மேலே போய்க் குவிந்தன.

இரண்டு கையும். திருகில் கை இல்லை.

யாரோ ஒரு கிழவர், "யப்பா, கருடன்!" என்றார். உட்கார்ந்திருந்த கூட்டம் அலைபோல எழுந்தது. பிரசங்கியாரும் கதையை விட்டுவிட்டு மைக்குக்கு வாயைக் கொடுத்தார்.

"கோவிந்தா!"

ஆம்ப்ளிபயரின் முன்பக்கம் நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. திருகு எட்டவில்லை. பின்பக்கம்தான் எனக்குக் கிட்டே இருந்தது. லைன் வயர் இரண்டும் அங்கேதான் சொருகியிருக்கும். உறையைப் பார்த்துப் பிடிக்க நேரமில்லை. அப்படியே கையில் சுருட்டி இழுத்தேன். ஊர் கத்திய கத்தல் அத்தனையும் என் கைக்குள் ஒரு அடி அடித்தது. முழங்கைவரை ஏறி, பல்லில் வந்து நின்றது. வயர் வந்துவிட்டது.

எல்லாக் குழாயும் ஒரே நேரத்தில் ஊமையாயின.

கூட்டம் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. குழாய் இல்லாமல், வெறும் தொண்டையில். நான் கம்பத்தைப் பார்த்தேன். நைனாவின் ஒரு கால் கட்டையை விட்டு நழுவி ஆகாயத்தில் தொங்கியது. குழந்தையை அணைப்பதுபோல் குழாயை மார்போடு கட்டிக்கொண்டிருந்தார். கம்பம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. விழவில்லை. கால் கட்டையைத் தேடியது. கிடைக்கவில்லை. மறுபடி தேடியது. கிடைத்தது.

நான் வெளியே ஓடி வந்து, பிடுங்கிய வயரைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். "நைனா! லைன் என் கையில இருக்குது! செத்த லைன்! இப்ப மாட்டு நைனா! பயப்படாத மாட்டு!"

அவருக்குக் கேட்டது. என்னைப் பார்த்தார். வயர் செத்துக் கிடக்கிறது, யூனிட் கண் முன்னால் இருக்கிறது, ஒரு நிமிட வேலை. இவ்வளவு வருடத்தில் அவருக்கு இப்படி ஒரு நிமிடம் யாரும் கொடுத்ததில்லை.

அவர் இறங்க ஆரம்பித்தார்.

கட்டையில் கால் வைத்துக்கூட இறங்கவில்லை, சறுக்கிக்கொண்டு வந்தார். சத்தம் நின்றால் எங்கே இருந்தாலும் ஓடிப்போய் ஆம்ப்ளிபயருக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். அதுதான் அவருக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். கம்பத்தின் மேல் இருந்ததைவிடச் சத்தம் நின்ற ஊரில் கீழே நிற்பதற்குத்தான் அவருக்குப் பயம். அந்தப் பயத்தில் அவர் காப்பாற்றப்பட்ட இடத்தைவிட்டு ஓடிவந்துவிட்டார்.

ஓடிவந்து என் கையிலிருந்த வயரைப் பிடுங்கினார். ஆம்ப்ளிபயரின் பின்னால் சொருகினார். மறுபடி எல்லாக் குழாயும் பேசின. தெருக்கோடிக் குழாய் மட்டும் பேசவில்லை.

கோதண்டராமன் வந்துவிட்டார். கூட நாலைந்து ஆம்பளைகள். எல்லோரும் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார்கள்.

"எவன் நிறுத்தினது?"

விமல்ராஜ் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அவன் திருகைவிட்டு எழுந்தது வெளியே வரும்.

"வயர் லூசாயிடுச்சிங்க அய்யா," என்றார் நைனா. கையை மார்புக்கு நேரே கட்டியிருந்தார். "பழைய ஆம்ப்ளிபயருங்க. பின் ஆடிப்போச்சி. சொருகிட்டேங்க."

எனக்காகப் பொய் சொன்னார். கோதண்டராமன் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த முகத்தில் கோபத்தைத்தான் எதிர்பார்த்தேன். அந்த ஆளும் பயந்துபோயிருந்தார்.

"கருடன் வந்து நிக்கும்போதா நிக்கணும்? அம்மன் சபையில நிக்கும்போதா நிக்கணும்? போன வருசம் நின்னுச்சி. மறு மாசமே எங்கக்கா விழுந்து எலும்பு போச்சி. தெரியுமா உனக்கு?"

"எங்கண்ணனும் விழுந்தான்," என்றேன். "அவன் விழுந்துதான் உங்க சத்தமே நின்னுச்சி."

"யம்மா, வாயை மூடு," என்றார் நைனா.

கோதண்டராமன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போனது போவட்டும். லூசுன்னா லூசு. இனிமே நிக்கக் கூடாது. எங்கக்கா கேட்டுனு படுத்திருக்கா. பீமா, ஏறு. சீக்கிரம் மாட்டிட்டு இறங்கு."

அவ்வளவுதான். பிழைத்தோம். நைனாவின் தோள் இறங்கியது. அவருக்கு அது மன்னிப்பு. குனிந்து தரையிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உள்ளங்கையில் தேய்த்தார், வியர்வை போக. அப்போதுதான் பார்த்தேன். வலது கை ஆள்காட்டி விரலிலும் கட்டை விரலிலும் வெள்ளையாக இரண்டு புள்ளி. தோல் வெந்திருந்தது. தொட்டுவிட்டிருக்கிறார். நான் இழுத்ததற்கு ஒரு நொடி முன்னால் தொட்டுவிட்டிருக்கிறார்.

அதே கையோடு கம்பத்துக்குப் போகத் திரும்பினார். போகும்போது விமல்ராஜிடம், "தம்பி, கோவிந்தா போடும்போது..." என்றார். அவன் "தெரியும், தெரியும்" என்றான். திருகு கடைசியில் இருந்தது. மேலே கருடன் இன்னும் போகவில்லை. அடுத்த சுற்றுக்குச் சாய்ந்துகொண்டிருந்தது.

"லூசாவல," என்றேன்.

நைனா நின்றார்.

"வயர் லூசாவல. நான்தான் புடுங்கினேன்."

"மங்கை!"

"உங்க புள்ள கருடனைக் கும்புடப் போயிட்டாரு. திருகுல ஆளில்ல. எங்க நைனா செத்திருப்பாரு. அதான் புடுங்கினேன். செட்டை நிறுத்துங்க. அவரு மாட்டிட்டு இறங்கட்டும், போட்டுக்குங்க. நிறுத்தாம அவரு ஏறக் கூடாது."

"ஏய், இன்னா திமிரு," என்று ஒருவன் முன்னால் வந்தான். கோதண்டராமன் கையை நீட்டித் தடுத்தார். அவர் என்னை அடிக்க விடவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். "பொண்ணு, இது நீ படிச்ச காலேஜ் இல்ல. சத்தம் நிக்காது. பீமா, உன் பொண்ணைக் கூட்டினு போய் அந்தப் பக்கம் உக்கார வை. நீ ஏறு."

நைனா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. என்மேல் கோபம் இல்லை. அவர் அந்தக் கம்பத்தில் ஏறிவிடவேண்டும் என்று கெஞ்சினார்.

ஆம்ப்ளிபயருக்குப் பின்னால், கரண்டு வயர் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு குமிழ் இருக்கும். ஓர் அமுக்கு, கால் திருப்பு. என் விரலுக்கு அது மனப்பாடம். குமிழோடு சேர்ந்து பியூஸ் வெளியே வந்தது. கண்ணாடிக் குழாய், சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம்.

சத்தம் மறுபடி செத்தது.

அடிப்பார்கள் என்று நினைத்தேன். கண்டிப்பாக அடிப்பார்கள். பியூஸை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு, பெஞ்சுக்கு அடியில் இருந்த எங்கள் சாமான் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். வேறு பியூஸ் அந்தப் பைக்குள்தான் இருந்தது. நைனாவுக்கு அது தெரியும்.

"குடுத்துடும்மா," என்றார். "இந்த ஊரு வேலை போயிடும். அக்கம்பக்கத்து ஊரும் போயிடும். குடுத்துடு."

"போவட்டும் நைனா."

செஞ்சியிலிருந்து வேறு செட்டுக்காரனைப் போன் போட்டு வரவழைப்பார்கள். அவன் வந்து இறக்கி, வயர் மாற்றிப் பேசவைக்க நேரமாகும். அவனும் இதே கம்பத்தில் ஏறுவானோ என்னவோ. யாராக இருந்தாலும் நைனா இல்லை. இனி நைனாவுக்கு இந்தக் கம்பம் கிடையாது, அவர் எவ்வளவு கெஞ்சினாலும் நான் கொடுக்கப்போவதில்லை. நாளைக்கு அம்மா என்ன சொன்னாலும் சரி, கடை ஓடாவிட்டாலும் சரி.

கூட்டத்துக்கு நடுவில் நடந்தேன். வழி விட்டார்கள். ஏன் விட்டார்கள் என்று தெரியவில்லை. ஒரு பெண் தன் குழந்தையை என் பாவாடை படாமல் இழுத்துக்கொண்டாள். முதுகில் எப்போது கை விழும், எப்போது கல் விழும் என்று தோள்பட்டை இரண்டும் காதோடு ஒட்டிக்கொண்டிருந்தன. திரும்பிப் பார்க்கவில்லை.

தெருவில் இரண்டு பக்கமும் குழாய்கள் வாயைத் திறந்துகொண்டு சும்மா இருந்தன. எல்லாம் நாங்கள் கட்டியவை. லட்சுமியம்மாள் வீட்டைத் தாண்டும்போது உள்ளேயிருந்து, "யாரு அது? ஏன் நின்னுச்சி?" என்று குரல் வந்தது. நிற்காமல் போனேன்.

பின்னால், கோயிலில், பிரசங்கியார் மைக் இல்லாமலே கதையைத் தொடர்ந்தார். சின்னக் குரல். பாய்களை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நான் பஸ் ரோட்டுக்குத் திரும்பும் இடத்துக்கு வந்திருந்தேன்.

"கோவிந்தா!"

உள்ளங்கை தானாக மூடிக்கொண்டது. பியூஸின் கண்ணாடி சதையில் அழுந்தியது. அதற்குமேல் தாங்காமல் திரும்பிக் கம்பத்தைப் பார்த்தேன்.

கம்பத்தில் யாரும் இல்லை. மாட்டாத வயர் ஒன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

நடந்தேன்.